ஒரு பொருள் பிராண்டாவது எப்படி: மரச்செக்கு எண்ணெயை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களில் பலர் பிராண்டிங் என்றதும் முதலில் தேடிப் போவது லோகோ வரைந்து தருபவரைத்தான். பெயர், சின்னம், வண்ணம், விளம்பர வாசகம் ஆகியவை பிராண்டின் உறுப்புகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எல்லாம் தயாரான பிறகும், கடைக்கு வரும் ஒருவர் உங்கள் பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கவில்லை என்றால், அங்கே இன்னும் பிராண்டு உருவாகவில்லை. பெயர் சொல்லிக் கேட்பதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மெய்யாக வேண்டும். வாங்குபவர் தாமே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு வாக்கைத் தேர்ந்தெடுப்பதும், பொருள் முதல் லேபிள் வரை, விலை முதல் புகாருக்குச் சொல்லும் பதில் வரை அனைத்தையும் அந்த வாக்குக்குப் பொருந்த அமைப்பதுமே இந்த வழிகாட்டியின் மையம்.

பொதுவாகப் பேசினால் எல்லாம் எளிதாகத் தோன்றிவிடும் என்பதால், மரச்செக்கு நல்லெண்ணெயை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இன்று செக்கு எண்ணெய் கிடைக்கிறது. அந்தப் பாட்டில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், மாடு பூட்டிய செக்கின் படம், பச்சை அல்லது மஞ்சள் பின்னணி, ‘பாரம்பரியம்’, ‘இயற்கை’, ‘சுத்தம்’ என்ற சொற்கள் ஆகியவை ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருக்கும். ஒன்றின் லேபிளைக் கிழித்து மற்றொன்றில் ஒட்டினாலும் வாங்குபவருக்கு வேறுபாடு தெரியாது. பொருள் உண்மையிலேயே நன்றாக இருந்தும் பிராண்டு இல்லாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

முதல் படி: பொருளை ஒரே சீராக்குதல்

லோகோவுக்குச் செலவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. கடந்த மாதம் வாங்கிய எண்ணெய் ஒரு நிறத்திலும் இந்த மாதம் வாங்கியது வேறொரு நிறத்திலும் இருந்தால், இரண்டும் கலப்படமற்றவையாகவே இருந்தாலும், வாங்கியவர் மனத்தில் ஐயம் எழும். கையால் செய்யும் பொருள் அப்படித்தான் மாறும் என்று உற்பத்தியாளர் சொல்லும் விளக்கம் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்க வாங்குபவர் உங்கள் முன் நிற்பதில்லை, அடுத்த முறை வேறு பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நல்லெண்ணெயில் மாறுபாடு வரும் இடங்கள் சிலவே. எள்ளின் வகையும் அது விளைந்த பருவமும் முதலாவது. செக்கில் ஆட்டும்போது சேர்க்கும் கருப்பட்டியின் அளவு இரண்டாவது. ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துக் கசடு அடியில் தங்கும்வரை எத்தனை நாள் விடுகிறீர்கள், எந்தத் துணியில் வடிகட்டுகிறீர்கள் என்பவை அடுத்தவை. இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவை நிர்ணயித்து எழுதி வையுங்கள். ‘கை அளவு’, ‘கண் அளவு’ என்று மனத்தில் இருப்பதைக் கிலோவும் கிராமும் மணிக்கணக்கும் ஆக்கினால்தான், நீங்கள் வெளியூர் போயிருக்கும் நாளிலும் அதே எண்ணெய் கிடைக்கும். ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் மாதிரி எடுத்து, தேதியும் தொகுதி எண்ணும் (பேட்ச் எண்) எழுதி, பொருளின் பயன்பாட்டுக் காலம் முடியும்வரை இருட்டான இடத்தில் வைத்திருப்பது நல்லது. பின்னாளில் புகார் வரும்போது, பழுது செக்கில் நேர்ந்ததா, கடையில் வெயில்பட வைத்ததால் நேர்ந்ததா என்பதை அந்தக் குப்பிதான் சொல்லும்.

சீர் நிலைபெறும் முன் பெருமளவில் விளம்பரம் செய்வதை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். விளம்பரம் ஆட்களை வேகமாக அழைத்து வரும். சீரற்ற பொருளைத் தந்தால் அவர்களை அதே வேகத்தில் இழப்போம், இழந்தவர்களை மீண்டும் அழைப்பது முதல்முறை அழைப்பதைவிடக் கடினம்.

இரண்டாம் படி: யாருக்கு விற்கிறோம் என்று முடிவு செய்தல்

‘எல்லாருக்கும்’ என்பது பதிலாகாது. நல்லெண்ணெயையே எடுத்துக்கொண்டால், இட்லிப் பொடிக்கு மட்டும் ஊற்றிக்கொள்பவர், மொத்தச் சமையலையும் அதில் செய்பவர், ஆண்டுக்கு ஒருமுறை ஊறுகாய் போடுவதற்காகப் பல லிட்டர் வாங்குபவர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு வாங்குபவர் என்று குறைந்தது நான்கு வகையினர் இருக்கிறார்கள். முதலாமவருக்குக் கால் லிட்டர் பாட்டிலும் மணமும் முக்கியம். மூன்றாமவருக்கு ஐந்து லிட்டர் டின்னும், ஊறுகாய் கெடாது என்ற உறுதியும் முக்கியம். இந்த இருவருக்கும் ஒரே லேபிளில் ஒரே செய்தியைச் சொன்னால் இருவருக்குமே அது பாதி பொருந்தும்.

இந்த முடிவின் வலிமைக்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. ஷாம்பு என்பது பெரிய பாட்டிலில், நகரத்து வீடுகளுக்கான பொருளாக இருந்த காலத்தில், கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அதைச் சிறு சாஷே பாக்கெட்டுகளில் அடைத்து விற்றார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன், குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு, சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் சீயக்காயும் சோப்பும் கொண்டு தலை குளித்தவர்களைக் குறிவைத்தது. அவர்கள் ஷாம்புவே பயன்படுத்தியதில்லை என்பதால், நிறுவனத்தின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று, சிறுவர்களின் தலையில் ஷாம்பு தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். யாருக்கு விற்கிறோம் என்ற ஒரே முடிவிலிருந்து பாக்கெட்டின் அளவு, விலை, விளம்பர முறை ஆகிய மூன்றும் பிறந்திருப்பதைக் கவனியுங்கள். அந்த நிறுவனம்தான் இன்று கெவின்கேர் என்ற பெயரில் இயங்குகிறது.

மூன்றாம் படி: ஒரே ஒரு வாக்கைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இதுவே. சந்தைப்படுத்தலில் இதைப் பொசிஷனிங் என்பார்கள். வாங்குபவர் மனத்தில் உங்கள் பொருள் எந்த ஓர் எண்ணத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பதை ஒரு வாக்கியத்தில் எழுதுவதுதான் பணி. எழுதிய பிறகு அந்த வாக்கியத்தை மூன்று கேள்விகளால் சோதியுங்கள். போட்டியாளரும் இதையே சொல்ல முடியுமா? வாங்குபவருக்கு இது பொருட்டா? இதை அவர் தாமே சரிபார்க்க முடியுமா?

‘சுத்தமான, பாரம்பரியமான செக்கு எண்ணெய்’ என்ற வாக்கியம் முதல் கேள்வியிலேயே தோற்றுவிடும். அடுத்த தெருச் செக்குக்காரரும் அதையே சொல்வார். ‘எங்கள் செக்கு வாகை மரத்தால் ஆனது’ என்பது உண்மையான தனித்தன்மையாக இருக்கலாம், ஆனால் அந்த மரம் எண்ணெயில் என்ன செய்கிறது என்று வாங்குபவருக்குப் புரியாதவரை அது அவருக்குப் பொருட்டாகாது. மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. சரிபார்க்க முடியாத வாக்கை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம் என்பதால், அதற்குச் சந்தையில் மதிப்புக் குறைந்துகொண்டே போகிறது.

சரிபார்க்கக்கூடிய வாக்கு எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு வழிகளைக் காட்டுகிறேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் எடுக்கச் சுமார் இரண்டரை கிலோ எள் வேண்டும். எள்ளின் விலை கடைவீதியில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே, ‘இந்தப் பாட்டிலில் இரண்டரை கிலோ எள் இருக்கிறது’ என்று லேபிளில் சொல்லி, எள்ளின் விலை, கருப்பட்டி, ஆட்டுக்கூலி, புண்ணாக்கு விற்று வரும் தொகை, பாட்டில் என்று கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் வெளிப்படையாக அச்சிட்டு வைத்தால், வாங்குபவர் அதைக் கூட்டிக் கழித்துப் பார்க்க முடியும். அதன் பிறகு, எள்ளின் விலையைவிட மலிவாகக் கிடைக்கும் ‘செக்கு நல்லெண்ணெய்’ ஒன்றைக் கடையில் பார்க்கும்போது, நீங்கள் ஒரு சொல்லும் சொல்லாமலே அவருக்குக் கேள்வி எழும். விலை கூடுதல் என்ற உங்கள் பலவீனமே இங்கே உங்கள் வாக்குக்குச் சான்றாகிவிடுகிறது. ஆனால் இந்தச் சீட்டை எள்ளின் விலை மாறும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும். பழைய கணக்கு அச்சிட்ட சீட்டு எதிர்விளைவையே தரும்.

இரண்டாவது வழி, ஆட்டிய நாளை வாக்காக்குவது. ‘ஆட்டிய முப்பது நாளுக்குள் உங்கள் வீட்டில்’ என்று சொல்லி, ஆட்டிய தேதியைப் பாட்டிலின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடலாம். இதைக் காப்பாற்ற வேண்டுமானால், முப்பது நாளைத் தாண்டிய சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும், தேவைக்கு மேல் ஆட்டாத கட்டுப்பாடும் வேண்டும். வாக்கு என்பது இப்படித் தொழிலின் நடைமுறையையே மாற்றும்படி இருந்தால்தான், போட்டியாளர் அதை நகலெடுக்கத் தயங்குவார்.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் உண்மையாகவே இருந்தாலும், ஒன்றை முன்பக்கத்திலும் மற்றதைப் பின்பக்கச் சிறு எழுத்திலும் வையுங்கள்.

நான்காம் படி: பெயர் வைத்தலும் காத்தலும்

நல்ல பெயருக்கு இலக்கணம் ஒன்றே ஒன்று இல்லை. 1969-இல் அகமதாபாத்தில் சலவைத்தூள் தயாரித்து மிகக் குறைந்த விலையில் வீடுவீடாக விற்கத் தொடங்கிய கர்சன்பாய் பட்டேல், தம் மகள் நிருபமாவின் பெயரிலிருந்து நிர்மா என்ற பெயரை அமைத்தார். திருப்பூரில் 1983-இல் வேட்டி வணிகம் தொடங்கிய கே.ஆர். நாகராஜன், தந்தை ராமசாமியின் பெயரின் முன்பகுதியையும் தம் பெயரின் பின்பகுதியையும் இணைத்து ராம்ராஜ் என்று வைத்தார். இந்த இரண்டு பெயர்களும் சலவைத்தூளைப் பற்றியோ வேட்டியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளை விவரிக்காத பெயரில் பொருளின் அர்த்தத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளலாம். சட்டப் பாதுகாப்பும் அதற்கே எளிதில் கிடைக்கும்.

வணிகக்குறிச் (டிரேட்மார்க்) சட்டம் 1999-இன் 9-ஆம் பிரிவு, பொருளின் வகை, தரம், ஊர் முதலியவற்றை விவரிக்க மட்டுமே பயன்படும் சொற்களைப் பதிவு செய்ய மறுக்கலாம் என்கிறது. ‘மரச்செக்கு’, ‘சுத்தம்’, ‘கிராமிய எண்ணெய்’ போன்றவற்றைப் பெயராக வைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கப்படுகிறார்கள். பல ஆண்டுப் பயன்பாட்டால் அந்தச் சொல் உங்களையே குறிக்கிறது என்று நிறுவினால் விலக்கு உண்டு, ஆனால் அது நீண்ட, செலவு மிகுந்த வழி. 11-ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள குறியை ஒத்திருக்கும் பெயர்களைத் தடுக்கிறது. ஒலியில் ஒத்திருந்தாலும் போதும், எழுத்தில் வேறுபட்டிருப்பது உங்களைக் காப்பாற்றாது. ஆகவே வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடல் பக்கத்தில், சொல்லாகவும் ஒலியாகவும் இரு முறைகளிலும் தேடிப் பார்த்த பிறகே பெயரை முடிவு செய்யுங்கள்.

பதிவின் நடைமுறை பலர் நினைப்பதைவிட எளிது. பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. மசாலா, மாவு, காபி முதலியவை 30. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் போன்ற ஒப்பனைப் பொருட்கள் 3. விளக்கு எண்ணெய் 4. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி தனிநபரும் சிறு நிறுவனமும் ஸ்டார்ட்அப்பும் இணையவழியில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாயும், மற்றவர்களுக்கு 9,000 ரூபாயும் கட்டணம். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைச் சென்னை கிண்டியிலுள்ள அலுவலகம் கவனிக்கிறது. ஆய்வுக்குப் பின் குறி, பதிவகத்தின் இதழில் வெளியிடப்படும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும். பதிவு, விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம். பணம் குறைவாக இருந்தால் முதலில் பெயரைச் சொல்லாகப் பதிவு செய்யுங்கள். லோகோவைப் பின்னால் பதியலாம், ஏனெனில் லோகோ மாறக்கூடியது, பெயர் மாறக்கூடாதது. பதிவு முடியும் முன் வட்டத்துக்குள் ஆர் என்ற பதிவுக் குறியீட்டை அச்சிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அச்சகத்தாரிடம் சொல்லிவையுங்கள். பலர் அதை அலங்காரமாக நினைத்துச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஊரின் பெயரால் புகழ்பெற்ற பொருள் என்றால் வழி வேறு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் அப்பகுதி உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான சொத்து. அங்குள்ள ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொண்டு, அதோடு தம் சொந்தப் பிராண்டுப் பெயரையும் சேர்த்து விற்கலாம்.

சட்டத்தைத் தாண்டிய ஒரு சோதனை, சத்தமான கடையில் தொலைபேசியில் பெயரைச் சொன்னால் ஒரே முறையில் புரிகிறதா என்று பார்ப்பது. ழகரமோ கடினமான கூட்டெழுத்தோ உள்ள பெயர்கள் தமிழில் அழகாக இருந்தாலும், இணையத்தில் ஆங்கில எழுத்தில் தேடுபவர் பல விதமாக எழுதுவார். அப்படிப்பட்ட பெயரை விரும்பித் தேர்ந்தால், ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் பிடிவாதமாகப் பயன்படுத்துங்கள்.

ஐந்தாம் படி: பாட்டிலும் லேபிளும்

எண்ணெய்ப் பாட்டிலின் லேபிள் காகிதமாக இருந்தால், கடைக்காரர் கைபட்டு, மூடி ஓரம் கசிந்து, சில வாரங்களில் எழுத்து மங்கித் திட்டுத்திட்டாகக் கறைபடும். அழகான வடிவமைப்புக்குச் செய்த செலவு முழுவதும் அந்தக் கறையில் போய்விடும். எண்ணெய் ஊறாத பிளாஸ்டிக் படல லேபிளும், உள்மூடி கொண்ட பாட்டிலும் விலை சற்று அதிகமானாலும் இன்றியமையாதவை. நிரப்பிய பாட்டிலைப் படுக்கவைத்து ஓர் இரவு காகிதத்தின் மேல் விட்டுப் பாருங்கள். காகிதத்தில் கறை தெரிந்தால் அந்த மூடியை வாங்காதீர்கள்.

முன்பக்கத்தில் நான்கு செய்திகளுக்கு மேல் வைக்க வேண்டாம். பெயர், பொருள் என்ன என்பது, உங்கள் ஒரே வாக்கு, அளவு. மற்றவை பின்பக்கத்துக்குரியவை. கடையில் மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கும்போது பெயர் படிக்கத் தெரிய வேண்டும் என்பதால், கணினித் திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். ஒரு படியை உண்மையான அளவில் அச்சிட்டு, பாட்டிலில் ஒட்டி, மற்ற நிறுவனங்களின் பாட்டில்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். செக்கு எண்ணெய் வரிசையில் எல்லாம் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும்போது, எள்ளின் கருமையை ஒட்டிய ஒரு நிறம் அல்லது வெறும் வெள்ளை எவ்வளவு தனித்துத் தெரியும் என்பது அப்போதுதான் விளங்கும்.

சட்டம் கேட்கும் தகவல்களைத் தொடக்கத்திலேயே வடிவமைப்பில் சேர்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண், சைவக் குறியான பச்சை வட்டம், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், நிகர அளவு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, பயன்பாட்டுக் காலம், தொகுதி எண், ஊட்டச்சத்து விவரம், புகாருக்கான தொலைபேசியும் மின்னஞ்சலும் ஆகியவை முக்கியமானவை. சமையல் எண்ணெய்க்குக் கொள்ளளவோடு எடையையும் குறிப்பிட வேண்டும். ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், அச்சிடும் முன் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ‘இயற்கையான’, ‘பாரம்பரிய’, ‘சுத்தமான’, ‘அசல்’ போன்ற சொற்களை உணவுப் பொருளின் மேல் எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் நிபந்தனை விதிக்கின்றன. பிராண்டுப் பெயரிலேயே அவை இருந்து வாங்குபவரைத் தவறாக எண்ண வைக்கக்கூடுமானால், அது வெறும் வணிகப் பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதன்று என்று லேபிளில் எழுத வேண்டியிருக்கும். நோயைத் தீர்க்கும், தடுக்கும் என்று சொல்வதற்கு இடமே இல்லை. நல்லெண்ணெயின் மருத்துவப் பெருமைகளைப் பாட்டிலில் அச்சிடும் ஆசை பலருக்கு இருக்கிறது. சட்டச் சிக்கலை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், அது உங்கள் ஒரே வாக்கை மூழ்கடித்துவிடும்.

லேபிளை முடிவு செய்த பிறகு அதை மாற்றும் ஆசையை அடக்குங்கள். 2009 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ராபிகானா ஆரஞ்சுச் சாறு நிறுவனம், ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகியிருக்கும் தன் பழைய அட்டைப்பெட்டி வடிவமைப்பை விட்டு, கண்ணாடித் தம்ளரில் சாறு இருக்கும் புதிய வடிவத்துக்கு மாறியது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை ஏறத்தாழ 20 விழுக்காடு சரிந்தது, நிறுவனம் பழைய வடிவத்துக்கே திரும்பியது. உள்ளே இருந்த சாறு மாறவே இல்லை. வழக்கமாக எடுக்கும் பெட்டியைக் கண்கள் தேடிக் கண்டுகொள்ளவில்லை.

ஆறாம் படி: விலை

விலை உங்கள் வாக்கோடு பொருந்த வேண்டும் என்பதைத் தவிர இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டரை கிலோ எள்ளை வாக்காக்கியவர், பண்டிகைக்காக எள்ளின் விலைக்கும் கீழே தள்ளுபடி அறிவித்தால், தம் கணக்குச் சீட்டைத் தாமே பொய்யாக்குகிறார். விநியோகஸ்தருக்கும் கடைக்காரருக்கும் தரும் மார்ஜினை முதல் நாளிலேயே கணக்கில் சேர்த்து விலையை வையுங்கள். நேரடியாக விற்கும்போது லாபம் தந்த விலை, கடை வழியாகப் போகும்போது நட்டமாகிவிடுவது வழக்கமாக நடக்கிறது. சலுகை தர வேண்டுமென்றால் விலையைக் குறைப்பதைவிடச் சிறு பாட்டில் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பது மேல்.

ஏழாம் படி: கடைக்குள் நுழைதல்

மளிகைக் கடை அண்ணாச்சி உங்கள் பொருளைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல்லுக்கு, நீங்கள் செய்யும் பத்து விளம்பரங்களின் வலிமை உண்டு. ‘நல்ல எண்ணெய் ஒண்ணு குடுங்க’ என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு எதை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் அவர்தான். அவருக்கு முதலில் தேவை மார்ஜின் அன்று, தலைவலி இல்லாமை. கசியாத பாட்டில், சொன்ன நாளில் சரக்கு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் உறுதியாக நடந்தால், அவர் உங்களைத் தள்ளிவிடமாட்டார். தொடக்கத்தில் ஐம்பது கடைகளில் இரண்டிரண்டு பாட்டில்கள் வைப்பதைவிட, ஒரே பகுதியில் பத்துக் கடைகளில் எப்போதும் சரக்கு தீராமல் வைத்திருப்பது பயன் தரும். ஒரு தெருவில் மூன்று கடைகளில் ஒரே பெயரைப் பார்ப்பவர் அதைத் தெரிந்த பெயராக எண்ணத் தொடங்குகிறார்.

கடையை வெல்லும் கலையில் சிக் ஷாம்புவின் மற்றொரு செயல் இன்றும் படிக்கத்தக்கது. எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு பாக்கெட்டுகளாக இருந்தாலும் ஐந்தைக் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். மற்றவர்களின் வாடிக்கையாளர்கள் சிக்கைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். சிறிது காலத்துக்குப் பின் விதியை மாற்றி, காலியான சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்றார்கள். முதல் கட்டம் அறிமுகத்துக்கு, இரண்டாம் கட்டம் பழக்கத்துக்கு. இலவசம் தருபவர்களில் பெரும்பாலோர் முதல் கட்டத்தோடு நின்றுவிடுவதால்தான் அவர்களுக்கு இலவசம் வெறும் செலவாக முடிகிறது. எண்ணெய்க்கு இதைப் பொருத்தினால், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொடுப்பவருக்கு அடுத்த பாட்டிலில் ஒரு தொகையைக் கழிப்பது இரண்டாம் கட்டமாக அமையும்.

எட்டாம் படி: சொல்லுதல்

விளம்பரத்தில் செய்ய வேண்டியது, தேர்ந்தெடுத்த வாக்கைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வது. உற்பத்தியாளருக்குச் சலிப்புத் தட்டும் நேரத்தில்தான் வாங்குபவர் முதல்முறையாக அதைக் கவனிக்கத் தொடங்குகிறார். பெயரில்லாமல் கடைகளில் விற்றுவந்த வேட்டிக்கு ஒரு பெயரைக் கேட்டு வாங்கும் பழக்கத்தை ராம்ராஜ் உண்டாக்கியது, வேட்டி கட்டியவருக்கு மரியாதை என்ற ஒரே கருத்தைப் பல ஆண்டுகள் விடாமல் சொன்னதால்தான். துணியின் நூல் எண்ணிக்கையைப் பற்றி அந்த விளம்பரங்கள் பேசவில்லை. கட்டுபவர் எப்படிப் பார்க்கப்படுவார் என்பதைப் பேசின.

சிறு உற்பத்தியாளருக்கு வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் போதுமான கருவிகள். ஆட்டும் நாளன்று எள் கொட்டுவது முதல் எண்ணெய் வடிவது வரை, வெட்டாமல் எடுத்த ஒரு காட்சி, நடிகரை வைத்து எடுத்த காட்சியைவிட உங்கள் வாக்குக்கு வலுச்சேர்க்கும். வாழ்த்துப் படங்களும் பொன்மொழிகளும் நாள்தோறும் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். அவை பெயரைப் பார்த்ததும் ஒதுக்கிவிடும் பழக்கத்தையே வாங்குபவருக்குக் கற்பிக்கும்.

பெயரை எழுதும் விதம், நிறம், பேசும் தொனி ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று, புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பைக் கவனித்துவந்த நீல் மெக்எல்ராய் 1931-இல் எழுதிய குறிப்பிலிருந்துதான் பிராண்டு மேலாண்மை என்ற பணியே வளர்ந்தது. குடும்பத் தொழிலில் இது இன்னும் அவசியம். அண்ணன் ஒரு பலகையும் தம்பி வேறொரு லேபிளும் அச்சிட்டுக் கொண்டுவரும் நிலை பல தொழில்களில் உண்டு.

ஒன்பதாம் படி: புகாரை எதிர்கொள்ளுதல்

2003 அக்டோபரில் மகாராஷ்டிரத்தில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டுகளில் புழுக்கள் காணப்பட்டன. கடைகளில் சேமித்துவைத்த முறையே காரணம் என்று முதலில் விளக்கம் சொன்ன நிறுவனம், பிறகு சில்லறைக் கடைகளின் சேமிப்பைக் கண்காணிக்கும் திட்டத்தைத் தொடங்கி, 2004-இல் காற்றுப் புகாத புதிய உறையைக் கொண்டுவந்தது. அமிதாப் பச்சன் அதற்கான விளம்பரங்களில் தோன்றினார். நம்பிக்கையை மீட்டதில் பெரும்பங்கு வகித்தது உறை என்றே நான் கருதுகிறேன். நடிகர் சொன்னதைக் கையிலிருந்த உறை மெய்யாக்கியது.

உங்கள் அளவில் இதன் நடைமுறை எளிது. எண்ணெயில் காறல் வாடை என்று ஒருவர் சொன்னால், முதலில் மாற்றுப் பாட்டில், பிறகு விசாரணை. தொகுதி எண்ணைக் கேட்டு, வைத்திருக்கும் மாதிரிக் குப்பியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அதிலும் வாடை இருந்தால், அந்தத் தொகுதி முழுவதையும் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, வாங்கியவர்களுக்கு நீங்களே தகவல் அனுப்புங்கள். குப்பியில் வாடை இல்லையென்றால், அதே தொகுதி போன மற்ற கடைகளைக் கேட்டுப் பார்த்து, வெயில்படும் அலமாரி எது என்று கண்டுபிடியுங்கள்.

பத்தாம் படி: அளவிடுதலும் விரிவாக்கமும்

விற்பனைத் தொகை மட்டும் பிராண்டின் நிலையைச் சொல்லாது. புதியவர்கள் வந்துகொண்டே இருந்தால் தொகை கூடும், பழையவர்கள் போய்க்கொண்டே இருப்பது அதில் மறைந்துவிடும். முதல் பாட்டில் வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் பாட்டில் வாங்கினார்கள் என்பதை மாதந்தோறும் குறித்து வாருங்கள். நேரடி வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணும் வாங்கிய தேதியும் இருந்தாலே இதைக் கணக்கிடலாம். இதோடு, கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: பெயர் சொல்லிக் கேட்கிறார்களா, ‘செக்கெண்ணெய்’ என்று மட்டும் கேட்கிறார்களா? பெயர் சொல்லிக் கேட்பவர்கள் கூடும்வரை இரண்டாவது பொருளைக் கொண்டுவர வேண்டாம்.

பிராண்டு வேரூன்றிய பிறகு அது முழுக்க உங்களுடையதாக இருப்பதில்லை. 1985 ஏப்ரல் 23 அன்று கோக்கக்கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. பெயரை மறைத்து ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லி, புதியதே மேல் என்று உறுதிசெய்த பிறகுதான் மாற்றியது. ஆனாலும் எதிர்ப்புக் கிளம்பி, 79 நாளில் பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சோதனையில் கேட்கப்படாத கேள்வி, பழையது இனிக் கிடைக்காது என்றால் எப்படி இருக்கும் என்பது.

எண்ணெய்க்காரருக்கு இந்தக் கேள்வி விரிவாக்கத்தின்போது எழும். நல்லெண்ணெய்க்குப் பெயர் கிடைத்ததும், அதே பெயரில் கடலை எண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொண்டுவருவது இயல்பான அடுத்த படி. அவையும் சமையலறைக்குரியவை, அதே வாக்கை அவற்றுக்கும் காப்பாற்ற முடியும், அதே 29-ஆம் வகுப்பில் அடங்கும். ஆனால் மலிவான எண்ணெய்களைக் கலந்து செய்யும் தீப எண்ணெயை அதே பெயரிலும் அதே நிறத்திலும் விற்கத் தொடங்கினால், சாப்பிடும் எண்ணெயைப் பற்றி இத்தனை நாள் சொன்ன அனைத்தின் மேலும் ஐயம் விழும். வீட்டில் பாட்டில் மாறிப்போகும் ஆபத்தும் உண்டு. தீப எண்ணெய் விற்றே ஆக வேண்டுமென்றால், வேறு பெயர், வேறு வடிவப் பாட்டில், வேறு நிற மூடி, 4-ஆம் வகுப்பில் தனி விண்ணப்பம் என்று தொடங்குங்கள். உங்கள் முதல் பெயரை அந்த லேபிளின் முன்பக்கத்தில் எங்கும் அச்சிடாதீர்கள்.